கடைமடையில் ஒரு சைக்கிள் யாத்திரை

பிரயாணத்துக்கு உகந்த வாகனம் எது என்பதைப் பற்றி ஆளுக்கோர் அபிப்பிராயம் உண்டு. ரயிலில் போகிறவனுக்கு ஸ்டேஷன்கள் தெரியும். மோட்டாரில் போகிறவனுக்குச் சாலை தெரியும். ஆகாய விமானத்தில் போகிறவனுக்கு மேகம் தெரியும். ஊரும் ஜனங்களும் தெரிய வேண்டுமானால் நடந்துதான் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால், நடந்து போவதற்கு நம்மில் யாருக்கு அவ்வளவு லீவு கிடைக்கிறது? இந்தத் தர்மசங்கடத்திலிருந்து ஏழை எளியவர்களைக் கைதூக்கி விடுவதற்காகவே சைக்கிள் என்னும் வாகனம் உண்டாயிற்று என்பது என் திடமான எண்ணம்.

சைக்கிளைச் சாமானியமாக நினைத்துவிடக் கூடாது. 1923-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் உலகத்தைச் சுற்றி வருகிறோம் என்று சைக்கிளில் ஏறிப் புறப்பட்டார்கள். அவர்களில் அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் பாலைவனங்களையும் பனிமலைகளையும் தாண்டி, 1928-இல் பம்பாய்க்கே திரும்பி வந்து சேர்ந்தார்கள். அடிமை நாட்டுப் பிள்ளைகள் என்று எவரும் தங்களை ஏளனமாகப் பார்க்க முடியாதபடி செய்துவிட்டு வந்தார்கள். அவர்களுடைய புத்தகத்துக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார்.

எனக்கும் என் தம்பி மகனுக்கும் உலகத்தைச் சுற்றும் உத்தேசம் இருக்கவில்லை. சீர்காழியில் ஏறிக் காரைக்காலில் இறங்குவது என்பதுதான் எங்கள் திட்டம். நேர் சாலையில் போனால் ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் தூரம். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். நாங்கள் அதை வளைத்து வளைத்து இரண்டு நாளாக்கிக்கொண்டோம். தை மாதக் கடைசியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. காவிரிப் படுகையில் மலை கிடையாது. மேடு என்று சொல்லத்தக்கது ஆற்றுப் பாலம் ஒன்றுதான். ஆகவே, இங்கே சைக்கிள்காரனுக்கு மலையாக வந்து வாய்ப்பது காற்று. தை மாதத்தில் வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. தெற்கு நோக்கிப் போகிறவனை அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும்.

எங்கள் வாகனங்கள் இரண்டும் சாதாரணக் கறுப்புச் சைக்கிள்கள். பின்னால் கேரியரில் ஆளுக்கொரு பை. காற்றடிக்கும் பம்பு ஒன்று. பஞ்சர் ஒட்டும் சாமான்கள் ஒரு டப்பாவில். இந்தக் கடைசி வஸ்துவை அலட்சியம் செய்யலாகாது. கடற்கரைப் பக்கமெங்கும் சீமைக் கருவேல மரம் மண்டிக் கிடக்கிறது. அதன் முள்ளுக்கு டயர் ரப்பர் ஒரு பொருட்டே அல்ல.

சீர்காழியைவிட்டுக் கிளம்புமுன் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது யாத்திரிகர்களின் ஊர். அங்கே பிறந்த திருஞானசம்பந்தர் முதலில் தந்தையாரின் தோள்மீதும், பிறகு முத்துச் சிவிகையிலும் தமிழ்நாடு முழுவதும் சுற்றினார் என்பது பெரிய புராணக் கதை. ஊருக்குப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றில் ஒன்று தோணிபுரம். பிரளய வெள்ளத்தில் உலகமெல்லாம் மூழ்கியபோது இந்த ஊர் மட்டும் தோணிபோல் மிதந்ததாம். கோயிலும் மூன்று நிலைகளாக உயர்ந்திருக்கிறது: கீழே பிரமபுரீசர், நடுவே தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர். 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் இங்கே 44 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. நூற்றிருபது வருஷங்களில் அப்படிப்பட்ட மழை பெய்ததில்லை. சம்பாப் பயிர் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. தோணி மிதந்த கதையைச் சொன்னவர்கள் இந்த மண்ணின் சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள் என்று அப்போது தோன்றியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், கும்பாபிஷேகத்துக்காக யாகசாலை அமைக்கக் கோயிலுக்குள் மண்ணைத் தோண்டியபோது, இருபதுக்கு மேற்பட்ட ஐம்பொன் விக்கிரகங்களும், தேவாரம் பொறித்த நானூறுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. யார், எந்தப் பயத்தில், எந்த இரவில் அவற்றைப் புதைத்தார்களோ!

சங்கீதப் பிரியர்களுக்கும் இது க்ஷேத்திரம். முத்துத் தாண்டவரின் ஊர் இது. ராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர் வாழ்ந்த ஊரும் இதுவே. கவிராயர் பிறந்த ஊராகிய தில்லையாடி எங்கள் வழியிலேயே இருந்தது. வேறொரு காரணத்துக்காகவும் அந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குக் காபி குடித்துவிட்டுப் புறப்பட்டோம். ஊருக்குள் ஓடும் கழுமலையாற்றைத் தாண்டினோம். பன்னிரண்டு பெயர்களில் ஒன்றாகிய கழுமலம் என்பதை ஊர் மறந்துவிட்டாலும் ஆறு மறக்கவில்லை. பெரிய சாலையைவிட்டுத் திருவெண்காட்டுப் பக்கமாகத் திரும்பியதும் வாகனங்களின் சத்தம் அடங்கிவிட்டது. இரு புறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயலிலே தாளுக்கு நடுவில் பச்சைப் பசேலென்று உளுந்துச் செடிகள். அறுவடைக்குச் சில நாள் முன்னதாகவே, நெற்பயிர் நிற்கும்போதே, ஈரச் சேற்றில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறார்கள். நெல் வெளியேறும்போது உளுந்து முளைத்திருக்கும். அப்புறம் அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. பூமியின் ஈரமும் இரவுப் பனியுமே போதும். இந்த யுக்தியை எந்த விவசாயக் கல்லூரியும் நம் குடியானவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எதிரே பள்ளிக்கூடப் பெண்கள் சைக்கிள்களில் கூட்டமாக வந்தார்கள். எல்லாம் சர்க்கார் கொடுத்த சைக்கிள்கள். 2001-ஆம் ஆண்டு வாக்கில் ஆதி திராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கெல்லாம் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில் அறிவொளி இயக்கத்தார், எழுத்தோடு கூடவே சைக்கிள் விடவும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார்கள். குடத்தையும் குழந்தையையும் கேரியரில் வைத்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்காகவும் புருஷனுக்காகவும் காத்திருந்த காலம் அவர்களுக்கு அன்றோடு போயிற்று. எதிரே வந்த பெண்களில் ஒருத்தி எங்கள் பைகளைப் பார்த்துவிட்டுத் தோழியிடம் ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஐம்பது வயதுக்காரன் பையும் பம்புமாகப் போவதில் சிரிப்பதற்கு இடமில்லை என்று நான் வாதிக்கப் போவதில்லை.

சிறிது தூரம் போனதும் பாதிச் சாலையை நெல் அடைத்துக் கொண்டிருந்தது. தார் ரோட்டின் மேல் அரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பொன்னைக் கொட்டியதுபோல் காயவைத்திருந்தார்கள். நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனோம். நெல்லைக் காலால் கோடு போட்டுக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேலேயே ஏத்திக்கிட்டுப் போங்க, தம்பி. லாரி ஏறாத நெல்லா? உங்க சைக்கிளு என்ன பண்ணிடப் போவுது?" என்றாள்.

நின்று பேசினோம். நெல்லில் ஈரம் நூற்றுக்குப் பதினேழு பங்குக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்பது விதி. விதிக்கு விலக்குக் கேட்டு ஆண்டுதோறும் டில்லிக்கு விண்ணப்பம் போகிறது. கடலோரத்துப் பனிக்கு இந்த விதி தெரியாது. பகலெல்லாம் காய்ந்த நெல் இரவில் மறுபடியும் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. காலையில் விரிப்பதும், சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போடுவதுமாக அந்த அம்மாளுக்கு அன்று நாலாவது நாள்.

"மானம் மூடாம இருந்தா நாளைக்கு அளந்துடுவோம். எங்கே இவ்வளவு தூரம்?"

"காரைக்காலுக்கு, அம்மா."

"ஏன், பஸ்ஸு கெடைக்கலையா?"

என் தம்பி மகன் சிரித்துவிட்டான். அவளுக்கு இரண்டு பிள்ளைகளாம். ஒருவன் துபாயில் இருக்கிறான். இன்னொருவனும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறான். "இங்க இருந்து என்ன பண்றது? தண்ணி வந்தா மொத்தமா வருது, வராட்டி உப்பா வருது" என்றாள். கடைமடையின் சரித்திரத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

திருவெண்காட்டில் அதிக நேரம் தங்கவில்லை. மூன்று குளங்கள், அகோரமூர்த்தி, புதனுக்குப் பரிகாரம் செய்ய வந்தவர்களின் கூட்டம். இந்த ஊர் மண்ணிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர் விக்கிரகம், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறது. சாய்ந்துகொள்ள ரிஷபம் இல்லாமலே, முழங்கையை அந்தரத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கும் அந்த அழகைப் பார்க்கத் தஞ்சாவூருக்குத் தனியாக ஒரு பிரயாணம் போகலாம்.

மேலையூரில்தான் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். இங்கே இருப்பது காவிரியின் கடைசிக் கதவணை. திருச்சிக்கு மேற்கே அகண்ட காவிரியைப் பார்த்தவர்கள் இங்கே வந்து இந்த ஆற்றைப் பார்த்தால் நம்பமாட்டார்கள். வாய்க்காலுக்குச் சற்றுப் பெரியது என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் எளிது. வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. மீதி நீரை வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று வழியெல்லாம் பிரித்துக் கொடுத்துக்கொண்டே வருகிறாள் காவிரி. பெண்ணைக் கட்டிக் கொடுத்துக் கட்டிக் கொடுத்துக் கடைசியில் ஒரு மூக்குத்தியோடு நிற்கும் தாயாரைப் போல இந்த இடத்துக்கு வந்து சேருகிறாள். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது முதல், ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பது வழக்கமான நாளாயிற்று. எல்லா வருஷங்களிலும் அது நிறைவேறுவதில்லை. நிறைவேறினாலும், கல்லணைக்கு வந்து, கிளை கிளையாகப் பிரிந்து, மேலையூருக்கு வருவதற்கு மேலும் பல நாட்கள் ஆகின்றன. வந்த அன்று விவசாயிகள் கதவணையில் பூவும் நெல்லும் தூவி வரவேற்கிறார்கள். மேல்மடைக்காரர்களுக்குத் தண்ணீர் என்பது உரிமை. கடைமடைக்காரர்களுக்கு அது விருந்தாளி. ஆற்றில் நீர் தள்ளிக்கொண்டு வரவில்லையானால் கடல் சும்மா இருக்காது. நிலத்தடியிலே உப்பு உள்ளே வருகிறது. கிணறுகள் கரித்துப் போகின்றன. அந்த அம்மாள் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

பூம்புகாரில் கதவணைத் தண்ணீர் கடலோடு சேரும் இடத்தைப் பார்த்தோம். பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் பாடிய துறைமுகம் இது என்று நம்புவதற்குக் கொஞ்சம் மன உறுதி வேண்டும். கீழையூரில் 1960-களில் அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை ஒன்று கிடைத்தது. பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரம் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. 1973-இல் திறந்த ஏழு நிலைக் கலைக்கூடத்தில் கண்ணகியின் கதை கல்லில் இருக்கிறது. கண்ணகியும் கோவலனும் இந்த ஊரைவிட்டு விடியுமுன் நடந்தே மதுரைக்குப் போனார்கள். அவர்களிடம் சைக்கிள் இருந்திருந்தால் கவுந்தியடிகளை எங்கே உட்கார வைத்திருப்பார்கள் என்று என் தம்பி மகன் கேட்டான். இக்காலத்துக் கல்லூரிகளில் தமிழ் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அங்கேதான் முள் ஏறியது. நாங்களே ஒட்டியது நிற்காமல் போகவே, அரை மைல் தள்ளிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் கொடுத்தோம். அவர் முள்ளை எடுத்து என் கையில் வைத்து, "பத்திரமா வச்சுக்குங்க, சார்" என்றார்.

இருட்டுவதற்குள் திருக்கடவூர் போய்ச் சேர்ந்தோம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் தினந்தோறும் நடக்கும் ஊர் ஆதலால் தங்குவதற்கு அறைக்குக் குறைவில்லை. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் வாடகையும் சொற்பம். விடுதிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார். சைக்கிளுக்கு என்று சொல்லிவைத்தோம்.

மறுநாள் காலையில் பெரிய சாலையை விட்டு விலகித் தில்லையாடிக்குப் போனோம். சிறிய ஊர், அமைதியான ஊர். இந்த ஊரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், 1898-இல் தென்னாப்பிரிக்காவில் வள்ளியம்மை பிறந்தாள். ஒப்பந்தத் தொழிலாளர்மீது மூன்று பவுன் வரி விதித்தும், நம்மவர் விவாகங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியும் அங்குள்ள வெள்ளை அரசாங்கம் அநீதி செய்தபோது, 1913-இல் காந்திஜியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை புகுந்தாள். கடுங்காவல் தண்டனை; அங்கே கடும் ஜுரம். விடுதலையாகி வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி உயிர் நீத்தாள். அவளுக்கு வயது பதினாறு. இந்த மண்ணை அவள் கண்ணால் கண்டதே இல்லை. காந்திஜி இந்தியாவுக்குத் திரும்பி, 1915-இல் தென்னாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது இந்தச் சிற்றூருக்கு வந்தார். அப்போது இங்கே வருவதற்குச் சாலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே மிதித்தோம். ஊரில் அவளுக்கு ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. நாங்கள் போனபோது ஒரு சிறுமி வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தரங்கம்பாடிக்கு அங்கிருந்து சிறிது தூரமே. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் இங்கே டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் அனுப்பிய பொன்னோலை இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சிட்டார். இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பவை. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் உண்டு. இதே டேனிஷ்காரர்கள் அதே காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ், செயின்ட் குரோய் முதலிய தீவுகளையும் பிடித்து வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியை 1845-இல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றார்கள். அந்தத் தீவுகளை 1917-இல் அமெரிக்காவுக்கு விற்றார்கள். ஊரையும் தீவையும் மாட்டுச் சந்தையில் கைமாற்றுவதுபோல் மாற்றிய காலம் அது. கோட்டைக்கு வடக்கே, அலை தின்றது போக மீதி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்க்கும்போது, கடல் எவரிடமும் பத்திரம் எழுதி வாங்குவதில்லை என்பது தெரிகிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இந்தக் கரையில் பலர் மாண்டார்கள்.

அங்கிருந்து காரைக்கால் பதினைந்து கிலோமீட்டர். வாடை தள்ளிற்று. நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் புதுச்சேரி அரசின் எல்லை. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த பூமி.

கரீபியன் தீவுகளைப் பற்றிய பேச்சு இங்கேதான் வந்து முடிகிறது. 1848-இல் பிரெஞ்சு அரசாங்கம் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற நீக்ரோ மக்கள் பழைய எஜமானனின் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய விரும்பவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். ஆள் எங்கே கிடைக்கும்? பஞ்சமும் கடனும் உள்ள இடத்தில் கிடைக்கும். 1853-இலிருந்து 1880-களின் கடைசி வரையில், காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் கப்பலாக நம்மவர்கள் ஏற்றப்பட்டார்கள். குவாதலூப் தீவுக்குச் சுமார் 42,000 பேர்; மார்த்தினிக் தீவுக்குச் சுமார் 25,000 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம். முடிந்ததும் திருப்பி அனுப்புவதாக வாக்குறுதி. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பேச்சுத் தமிழ் அங்கே மறைந்துவிட்டது. மாரியம்மனும் மதுரை வீரனும் மறையவில்லை. குழம்புப் பொடி "கொலம்போ" என்ற பெயரில் அந்தத் தீவுகளின் சமையலாகவே ஆகிவிட்டது. குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்தியர்களின் சந்ததிகளுக்குப் பிரெஞ்சுப் பிரஜைகளின் உரிமையும் வாக்குரிமையும் வேண்டுமென்று 1904 முதல் வழக்காடி, 1923-இல் வெற்றி பெற்றார். சிதம்பரம் என்ற பெயரை நாம் இங்கே கொள்ளிடத்துக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் உள்ள ஊருக்கு வைத்திருக்கிறோம். அதே பெயர் பூமியின் மறுபக்கத்தில் நீதிமன்றத்தில் ஏறி நின்று நியாயம் கேட்டிருக்கிறது! இன்னொரு செய்தியும் என் தம்பி மகனுக்கு மிகவும் பிடித்திருந்தது. குவாதலூப் மக்களுக்குச் சைக்கிள் பந்தயம் என்றால் உயிராம். எரிமலையைச் சுற்றி வளைந்து செல்லும் சாலைகளில் ஆண்டுதோறும் தீவு முழுவதும் பந்தயம் விட்டு, ஊரே தெருவில் நின்று பார்க்கிறதாம்.

மாலையில் அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில், கடற்கரையில் சைக்கிள்களைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"பெரியப்பா, இங்கேயிருந்து அங்கே போய்ச்சேர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டான்.

"பாய்மரக் கப்பலில் மூன்று மாதம்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாவோட நெல்லை அளந்திருப்பாங்களா?" என்று கேட்டான்.

செலவுக் கணக்கைப் பார்க்காமல் விட்டால் வீட்டில் உள்ளவர்கள் சும்மா விடமாட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து அறைக்கு 600, சாப்பாட்டுக்கு 810, காபிக்கும் இளநீருக்கும் 190, பஞ்சருக்கு 60, நுழைவுச் சீட்டுகளுக்கு 40. ஆக 1,700 ரூபாய். காரைக்காலில் உறவினர் வீட்டில் தங்கியதால் அன்றைய இரவுக்குச் செலவில்லை. கட்டிக் கொடுத்த புளியோதரை வரவில் சேரும். மூன்றாம் நாள் விடியற்காலையில் பெரிய சாலை வழியாகவே வடக்கே திரும்பினோம். வாடை இப்போது நேராக முகத்தில் அடித்தது. நண்டலாற்றுப் பாலம் ஏறுவதற்குள்ளேயே இருவரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.